மாணவர் மன்றத்துக்கு அமைப்பு விதிகள் எழுதுவது எப்படி

பல்கலைக்கழகத்தில் மாணவர் மன்றம் ஒன்றைப் பதிவு செய்யப் போனால், நிர்வாகம் கேட்கும் ஆவணங்களில் அமைப்பு விதிகளும் ஒன்றாக இருக்கும். அதனால் பலரும் அதை இன்னொரு விண்ணப்பப் படிவமாக எண்ணிக்கொண்டு, ஏற்கெனவே இயங்கிவரும் வேறொரு மன்றத்தின் கோப்பை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பதிவும் கிடைத்துவிடுகிறது. தலைவர் பாதியில் விலகும்போதோ, தேர்தலில் இருவர் சம வாக்குப் பெறும்போதோ, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி எழும்போதோதான் யாரோ ஒருவர் அந்தக் கோப்பை முதன்முறையாக முழுமையாகப் படிக்கிறார். பெரும்பாலும் அதில் விடை இருப்பதில்லை.

மாணவர் மன்றத்துக்கு மற்றச் சங்கங்களுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அதன் உறுப்பினர்கள் ஏறக்குறைய அனைவரும் மாறிவிடுவார்கள். 'போன தடவை இப்படித்தான் செய்தோம்' என்று எடுத்துச் சொல்ல மூத்தவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். உங்களைச் சந்தித்தே இராத ஒருவர், உங்களிடம் விளக்கம் கேட்க வழியில்லாமல், இந்த விதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மன்றத்தை நடத்த முடியுமா என்பதே ஒவ்வொரு பிரிவை எழுதும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறப்பவையே.

எழுதத் தொடங்கும் முன்

முதல் வேலை, மாணவர் மன்றங்கள் குறித்துப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் விதிமுறைகளை வாங்கிப் படிப்பது. சில பல்கலைக்கழகங்கள் மாதிரி வரைவு ஒன்றையே கொடுத்து, அதில் உள்ள சில பிரிவுகளை மாற்றக் கூடாது என்று சொல்லும். பாகுபாடு காட்டாமை, பொறுப்பாசிரியர் நியமனம், நிதியைக் கையாளும் முறை, உறுப்பினர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை ஆகியவை பொதுவாக அவ்வகையில் அடங்கும். அவற்றைச் சொல் மாறாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மன்றத்தின் விதியும் பல்கலைக்கழகத்தின் விதியும் முரண்பட்டால் பல்கலைக்கழக விதியே செல்லும் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிடுங்கள். எழுதாவிட்டாலும் நடைமுறை அதுதான் என்றாலும், எழுதிவைத்தால் வீண் வாதத்தைத் தவிர்க்கலாம்.

வரைவுக் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இருந்தால் போதும். எல்லோரும் விவாதிக்கலாம், எழுதுவது ஒருவராக இருக்க வேண்டும். ஐந்து பேர் ஆளுக்கொரு பிரிவை எழுதிக் கடைசியில் ஒன்றாக ஒட்டிய வரைவில், ஓரிடத்தில் 'செயற்குழு' என்றும் இன்னோரிடத்தில் 'நிர்வாகக் குழு' என்றும் மூன்றாவது இடத்தில் 'பொறுப்பாளர்கள்' என்றும் வரும். மூன்றும் ஒன்றா, வெவ்வேறா என்று பின்னால் வருபவர் திகைப்பார்.

பிற மன்றங்களின் விதிகளைப் பார்ப்பதில் தவறில்லை. அவற்றின் வாக்கியங்களை எடுக்காமல், அவை எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முயன்றிருக்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை இந்த ஆவணத்தில் வைப்பது, எதைத் துணை விதிகளுக்குத் தள்ளுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. எளிதில் மாறக் கூடாதவை அமைப்பு விதிகளுக்கு உரியவை: நோக்கம், உறுப்பினர் தகுதி, பொறுப்புகள், தேர்தல், கூட்டம், நிதி அதிகாரம், பதவி நீக்கம், திருத்தம், கலைப்பு. அடிக்கடி மாறக்கூடியவை துணை விதிகளுக்கு உரியவை: சந்தாத் தொகை, மாதக் கூட்டத்தின் கிழமை, கருவிகளை இரவல் தரும் முறை, மன்றத்தின் சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொல் யார் பொறுப்பில் இருக்கும் என்பது போன்றவை. சந்தாத் தொகையை எண்ணாக அமைப்பு விதிகளில் எழுதிவிட்டால், பிற்காலத்தில் அதைச் சிறிது உயர்த்துவதற்குக்கூட முழுத் திருத்த நடைமுறையையும் பின்பற்றவேண்டியிருக்கும். துணை விதிகளைச் செயற்குழு சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம் என்றும், அவை அமைப்பு விதிகளுக்கு முரணாக இருந்தால் செல்லாது என்றும் எழுதிவையுங்கள். மொத்த ஆவணம் ஐந்தாறு பக்கங்களுக்குள் அடங்கினால் நல்லது. அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பெயர், நோக்கம், உறுப்பினர்

பெயர்ப் பிரிவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழுப்பெயரையும் சுருக்கப் பெயரையும் எழுதி, பல்கலைக்கழகத்தின் பெயரையோ இலச்சினையையோ பயன்படுத்த அனுமதி தேவையா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

நோக்கத்தைச் சிலர் அழகுக்காக எழுதுகிறார்கள். 'மாணவர்களின் ஒட்டுமொத்த வளர்ச்சிக்குப் பாடுபடுதல்' என்ற நோக்கத்தின் கீழ் எந்தச் செலவையும் நியாயப்படுத்தலாம். எந்தச் செலவையும் எதிர்க்க முடியாது. ஒரு வானியல் மன்றத்தை எடுத்துக்கொள்வோம். 'இரவு வானை நோக்கும் நிகழ்ச்சிகளை நடத்துதல், வானியல் கருவிகளைப் பயன்படுத்த மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தல், வானியல் குறித்த உரைகளை ஏற்பாடு செய்தல்' என்று எழுதினால், மன்றத்தின் பணம் எதற்குச் செல்லலாம், எதற்குச் செல்லக் கூடாது என்பது விளங்கிவிடும். இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்ட வேண்டியதில்லை.

உறுப்பினர் பிரிவு நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: யார் சேரலாம், எந்த நாளிலிருந்து உறுப்பினர், எப்போது உறுப்பினர் நிலை முடிகிறது, யாருக்கு வாக்குரிமை உண்டு. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முன்னாள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களை வாக்குரிமை இல்லாத இணை உறுப்பினர்கள் என்று தனியே வகைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பட்டம் பெற்றுப் போய் ஐந்தாண்டுகள் ஆனவர் தேர்தல் நாளில் வந்து நிற்பதை யாராலும் தடுக்க முடியாது. அதேபோல், ஒரு வேட்பாளர் தேர்தலுக்கு முந்தைய நாள் தம் விடுதி நண்பர்கள் இருபது பேரை உறுப்பினராக்குவதைத் தடுக்க, 'தேர்தல் நாளுக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் உறுப்பினர் பட்டியலில் இடம்பெற்றவர்களே வாக்களிக்கலாம்' என்ற ஒரே வாக்கியம் போதும்.

சேர்க்கையில் பாகுபாடு காட்டுவதில்லை என்ற உறுதிமொழி இன்று பெரும்பாலும் பல்கலைக்கழகமே கேட்பது. அதை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். 1823இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்னும் புகழ்பெற்ற மாணவர் விவாத மன்றம், பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1963இல்தான். உறுப்பினர் பிரிவில் ஒரு முறை எழுதப்படுவது எவ்வளவு காலம் நின்றுவிடக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பொறுப்பாளர்கள்

தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய நால்வர் போதும். ஊடகச் செயலாளர், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர், விருந்தினர் தொடர்பாளர் என்று பன்னிரண்டு பதவிகளை அமைப்பு விதிகளில் உருவாக்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் ஆறு பதவிகளுக்கு ஆளில்லாமல் திண்டாடும் மன்றங்கள் ஏராளம். கூடுதல் பணிகளுக்குத் தேவைப்படும்போது செயற்குழு பொறுப்பாளர்களை நியமித்துக்கொள்ளலாம் என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

ஒவ்வொரு பொறுப்பின் கடமையையும் செயலாக எழுதுங்கள். 'பொருளாளர் மன்றத்தின் நிதிக்குப் பொறுப்பாவார்' என்பதிலிருந்து அவர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. 'பொருளாளர் ஒவ்வொரு வரவையும் செலவையும் நிகழ்ந்த 3 நாள்களுக்குள் கணக்கேட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் கையிருப்பைத் தெரிவிக்க வேண்டும். பருவ இறுதியில் வரவு செலவு அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்க வேண்டும்' என்று எழுதினால் தெரியும். தலைவர் பொறுப்பையும் பொருளாளர் பொறுப்பையும் ஒருவரே வகிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதவிக்காலத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'பதவிக்காலம் ஓராண்டு' என்று மட்டும் எழுதிவிட்டு, ஏதோ காரணத்தால் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால், அந்த ஒரு மாதம் மன்றத்துக்குப் பொறுப்பாளரே இல்லை. புதிய தேர்தலை அறிவிக்கும் அதிகாரமும் யாருக்கும் இல்லை. 'ஓராண்டு, அல்லது அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை' என்று மட்டும் எழுதினால், தேர்தலையே நடத்தாமல் பதவியில் நீடிக்க வழி பிறக்கிறது. ஆகவே இரண்டையும் இணைத்து ஒரு வரம்பு வையுங்கள்: அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை தொடரலாம், ஆனால் எந்நிலையிலும் 60 நாள்களுக்கு மேல் நீடிக்க முடியாது, அதற்குள் தேர்தல் நடக்காவிட்டால் பொறுப்பாசிரியர் தேர்தல் அலுவலரை நியமிப்பார்.

'தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர் அவர் கடமைகளைச் செய்வார்' என்ற வாக்கியமும் ஏறக்குறைய எல்லா விதிகளிலும் காணப்படுவது. இல்லாதபோது என்றால் அன்றைய கூட்டத்துக்கு வராதபோதா, விலகிவிட்டபோதா, படிப்பை முடித்துப் போய்விட்டபோதா? தற்காலிகமாக வராமல் இருப்பதையும் பதவி காலியாவதையும் தனித்தனி வாக்கியங்களில் சொல்லுங்கள். காலியான தலைவர் பதவியைத் துணைத் தலைவர் எஞ்சிய காலம் முழுவதும் வகிப்பார் என்றோ, 21 நாள்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்படும் என்றோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. இரண்டையும் எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

பொறுப்பாசிரியருக்கு எது உரிமை, எது உரிமையில்லை என்பதைக் கூச்சப்படாமல் எழுதிவையுங்கள். கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், கருத்துச் சொல்லலாம், கணக்குகளைப் பார்க்கலாம், பல்கலைக்கழகம் கேட்கும் ஆவணங்களில் கையொப்பமிடலாம், வாக்குரிமை இல்லை. பெரும்பாலான மன்றங்களுக்கு இந்த வரம்பு பொருந்தும். உங்கள் பல்கலைக்கழகம் அவருக்குக் கூடுதல் அதிகாரம் தந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

தேர்தல்

இந்தப் பிரிவுக்கு வேறெந்தப் பிரிவையும்விட அதிக நேரம் செலவிடுங்கள். 'செயற்குழுத் தேர்தல் ஆண்டுதோறும் நடைபெறும்' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆண்டு என்பது நாள்காட்டி ஆண்டா, கல்வியாண்டா? தேர்தலை நடத்துபவர் யார்? எத்தனை நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும்? எதுவுமே இல்லை. அதே விதியை இப்படி எழுதலாம்: 'ஒவ்வொரு கல்வியாண்டிலும் இறுதிப் பருவத் தேர்வுகள் தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் செயற்குழுத் தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும். அத்தேர்தலில் போட்டியிடாத ஒருவரைச் செயற்குழு தேர்தல் அலுவலராக நியமிக்க வேண்டும். தேர்தல் அலுவலர் தேர்தல் நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் வாக்குரிமை உள்ள அனைவருக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சல் வழியாக அறிவிப்பு அனுப்ப வேண்டும்.' நீளம் கூடியிருக்கிறது. ஆனால் இதை வைத்துத் தேர்தல் நடத்தலாம்.

இறுதிப் பருவத்தின் முடிவுக்கு முன்பே தேர்தலை வைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய பொறுப்பாளர்களில் பலர் இறுதியாண்டு மாணவர்களாக இருப்பார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். தேர்தலுக்கும் பொறுப்பேற்புக்கும் இடையில் இரண்டு வாரம் விட்டு, அந்தக் காலத்துக்குள் கணக்கேடு, வங்கிக் கையொப்ப மாற்றம், கடவுச்சொற்கள், கருவிகளின் பட்டியல், தீர்மானப் புத்தகம் ஆகியவற்றை ஒப்படைத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று விதிக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

வெற்றியை எப்படிக் கணக்கிடுவது என்பதில் துல்லியம் வேண்டும். மூவர் போட்டியிட்டு, 45 வாக்குகளில் 18, 15, 12 என்று பெற்றால் வென்றவர் யார்? அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்பது விதியானால் 18 பெற்றவர். பெரும்பான்மை வேண்டும் என்பது விதியானால் 23 வாக்குத் தேவை, ஒருவரும் வெல்லவில்லை, முதல் இருவருக்கிடையே மறுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். சிறிய மன்றத்துக்கு முதல் முறை எளிது. தலைவர் பொறுப்புக்கு மட்டுமாவது இரண்டாவது முறையை வைப்பது நல்லது என்பது என் கருத்து. ஐந்தில் இரண்டு பேரின் ஆதரவோடு வந்த தலைவர், மற்ற மூவரின் முணுமுணுப்பிலேயே ஆண்டைக் கழிக்க நேரும்.

பெரும்பான்மையைக் குறிக்க '51 விழுக்காடு' என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுங்கள். 99 வாக்குகளில் 50 பெற்றவர் பாதிக்கு மேல் பெற்றவர். ஆனால் 51 விழுக்காடு பெறாதவர். 'அளிக்கப்பட்ட செல்லுபடியாகும் வாக்குகளில் பாதிக்கு மேல்' என்று எழுதினால் குழப்பம் வராது.

சம வாக்கு வந்தால் ஒருமுறை மறுவாக்கெடுப்பு, மீண்டும் சமமானால் குலுக்கல் என்று எழுதலாம். ஒருவர் மட்டும் மனுத்தாக்கல் செய்தால் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பதா, ஆம் இல்லை என்று வாக்கெடுப்பு நடத்துவதா என்பதையும், ஒரு பொறுப்புக்கு யாருமே மனுத்தாக்கல் செய்யாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். வாக்கெடுப்பு இரகசியமாக இருக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் வாக்களிக்கக் கூடாது. இணையவழி வாக்கெடுப்பை அனுமதித்தால், ஒருவருக்கு ஒரே வாக்கு என்பதைப் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு வழியாக உறுதி செய்ய வேண்டும் என்றும், யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவரும் பார்க்க இயலாதபடி அமைக்க வேண்டும் என்றும் விதியிலேயே கூறுங்கள். தேர்தல் குறித்த புகாரை முடிவு அறிவிக்கப்பட்ட 3 நாள்களுக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். வாக்குச் சீட்டுகளை அந்தக் காலம் முடியும் வரை, புகார் வந்திருந்தால் அது தீர்க்கப்படும் வரை, அழிக்கக் கூடாது. புகாரை விசாரிப்பவர் அத்தேர்தலில் போட்டியிட்டவராக இருக்கக் கூடாது.

கூட்டங்களும் கோரமும்

ஒரு கூட்டம் செல்லத்தக்க முடிவு எடுப்பதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையே கோரம். இதை உயர்வாக வைப்பதுதான் ஜனநாயகம் என்று நினைத்து 'உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்' என்று எழுதிவிடுகிறார்கள். பட்டியலில் 80 பெயர்கள் இருந்தால் 54 பேர் வர வேண்டும். வழக்கமாக வருபவர்கள் 25 பேர். அப்படியானால் அந்த மன்றத்தால் ஒரு முடிவும் சட்டப்படி எடுக்க முடியாது. நடைமுறையில் கோரத்தையே யாரும் எண்ணாமல் விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் முடிவு பிடிக்காத ஒருவர் எழுந்து, கடந்த ஓராண்டில் எடுத்த எந்தத் தீர்மானமும் செல்லாது என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பொதுக்கூட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு என்பது பல மன்றங்களுக்குத் தாங்கக்கூடிய அளவு. செயற்குழுவுக்குப் பாதிக்கு மேல். எந்தப் பட்டியலிலிருந்து கணக்கிடுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வாக்குரிமை உள்ள உறுப்பினர்களின் நடப்புப் பட்டியல். கோரம் இல்லாமல் கலைந்த கூட்டத்தை 7 நாள்களுக்குள் மீண்டும் கூட்டலாம் என்றும், அதில் முந்தைய நிகழ்ச்சி நிரலில் இருந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம் என்றும், விதித் திருத்தத்தையும் பதவி நீக்கத்தையும் எடுக்கக் கூடாது என்றும் எழுதலாம்.

வாக்குப் பங்கை எழுதும்போது அது எதன் பங்கு என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். மன்றத்தில் 60 உறுப்பினர்கள்; கூட்டத்துக்கு வந்தவர்கள் 30 பேர்; ஒரு தீர்மானத்துக்கு ஆதரவாக 16 பேர், எதிராக 8 பேர்; 6 பேர் வாக்களிக்கவில்லை. 'மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை' என்று மட்டும் விதி சொன்னால், தீர்மானம் நிறைவேறியதா? வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு என்றால் 16 போதும், நிறைவேறியது. வந்திருந்தவர்களில் என்றால் 20 வேண்டும், தோற்றது. மொத்த உறுப்பினர்களில் என்றால் 40 வேண்டும். அறையில் இருந்த அனைவரும் கை தூக்கியிருந்தாலும் நிறைவேறியிருக்காது. 'அளிக்கப்பட்ட வாக்குகளில்' என்று இரண்டு சொற்களைச் சேர்க்காத குறைக்காக ஒரு மன்றம் பிளவுபடத் தேவையில்லை.

பொதுக்கூட்டத்தைப் பருவத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும். சிறப்புக் கூட்டம் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கும் இருக்க வேண்டும்: வாக்குரிமை உள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால், செயலாளர் 10 நாள்களுக்குள் கூட்ட வேண்டும்; அவர் கூட்டாவிட்டால் கையெழுத்திட்டவர்களே கூட்டலாம். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் முன்னதெல்லாம் வெறும் விண்ணப்பமாகிவிடும்.

கூட்ட நடைமுறைக்குப் பல மன்றங்கள் 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்' என்ற நூலைப் பின்பற்றுவதாக ஒரு வரி எழுதிக்கொள்கின்றன. அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட அந்தக் கையேடு, 2020இல் வந்த 12ஆம் பதிப்பில் 700 பக்கங்களைத் தாண்டிவிட்டது. நாற்பது பேர் கொண்ட மன்றத்தில் அதை யாரும் முழுதாகப் படிக்கப் போவதில்லை. படித்த ஒருவர் இருந்தால் அவர் கையில் அது ஆயுதமாகிவிடும். விதிகளில் சொல்லப்படாத நடைமுறைக் கேள்விகளில் தலைமை வகிப்பவர் முடிவு செய்வார், அதை ஏற்காதவர் உடனே வாக்கெடுப்புக் கோரலாம், பெரும்பான்மையினர் சொல்வதே இறுதி என்ற மூன்று வரிகள் சிறிய மன்றத்துக்குப் போதுமானவை.

பதவி நீக்கம்

நண்பர்களாகச் சேர்ந்து மன்றம் தொடங்கும்போது இந்தப் பிரிவை எழுதச் சங்கடமாக இருக்கும். சண்டை வருவதற்கு முன் எழுதினால்தான் யாரையும் மனத்தில் வைத்து எழுதாமல் இருக்க முடியும். என்ன காரணத்துக்காக நீக்கலாம், யார் கோரலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தக் கூட்டம், எவ்வளவு வாக்கு ஆகிய ஐந்தும் தேவை. குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்குக் குறைந்தது 7 நாள்களுக்கு முன் அதன் நகல் கிடைக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும். தம்மைப் பற்றிய தீர்மானம் விவாதிக்கப்படும் கூட்டத்துக்கு அவரே தலைமை வகிக்கக் கூடாது. மூன்று செயற்குழுக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து தகவலின்றி வராத பொறுப்பாளர் விலகியவராகக் கருதப்படுவார் என்ற விதியைத் தனியாக வையுங்கள்; பெரும்பாலான காலியிடங்கள் சண்டையால் வருபவை அல்ல, ஆர்வம் குறைந்து ஒதுங்குவதால் வருபவை.

பணம்

மன்றத்தின் பணம் தனிநபர் கணக்கில் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. பல்கலைக்கழகமே கணக்கை நிர்வகித்தால் அதன் நடைமுறையைக் குறிப்பிட்டால் போதும். வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால், தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று எழுதுங்கள். மூவரும் ஒப்புதல் தர வேண்டும் என்று வைத்தால், ஒருவர் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் எல்லாம் நின்றுவிடும்.

செலவுக்கு இரண்டு படிகள் வைப்பது நடைமுறைக்கு உகந்தது. ஒரு வரம்புக்குள் இருக்கும் செலவைச் செயற்குழு அனுமதிக்கலாம்; அதைத் தாண்டினால் பொதுக்கூட்டம் அனுமதிக்க வேண்டும். அந்த வரம்பைத் துணை விதிகளில் எண்ணாக எழுதுங்கள். தம் பணத்தைச் செலவிட்ட உறுப்பினருக்கு அதைத் திருப்பித் தர, முன்னனுமதியும் இரசீதும் வேண்டும். ஆண்டுக் கணக்கைப் பொறுப்பாளர் அல்லாத இரண்டு உறுப்பினர்கள் தணிக்கை செய்து பொதுக்கூட்டத்தில் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும்.

திருத்தம்

திருத்தம் எளிதாக இருந்தால் ஒவ்வொரு செயற்குழுவும் தனக்கு ஏற்றபடி விதியை வளைக்கும்; கடினமாக இருந்தால் விதியை மீறுவதே வழக்கமாகிவிடும். இடைவழி இது: திருத்தத்தின் முழு வாசகமும், பழைய வாசகமும் அருகருகே வைத்து, 14 நாள்களுக்கு முன் அனைவருக்கும் அனுப்பப்பட வேண்டும், பொதுக்கூட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால் அது கிடைத்த பிறகே நடைமுறைக்கு வரும். கோரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 பேர் கொண்ட மன்றத்தில் கோரம் ஐந்தில் ஒன்று என்றால் 16 பேர்; அவர்கள் அனைவரும் வாக்களித்தால் அதில் மூன்றில் இரண்டு 11 பேர். பதினொரு பேர் அடிப்படை விதியை மாற்றலாமா? வேண்டாம் என்று தோன்றினால், திருத்தத்துக்கு மட்டும் கோரத்தை மூன்றில் ஒரு பங்காக, அதாவது 27 பேராக, உயர்த்துங்கள்.

முன்மொழியப்பட்ட திருத்தம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதையும் எழுதுங்கள். அதே கல்வியாண்டுக்குள் வாக்கெடுப்புக்கு வராவிட்டால் அது தானாகவே காலாவதியாக வேண்டும். அமெரிக்க அரசமைப்பில் 1789இல் முன்மொழியப்பட்ட ஒரு திருத்தத்துக்குக் காலக்கெடு வைக்கப்படவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1982இல் தம் பாடக் கட்டுரைக்காக அதைத் தேடி எடுத்து, மாநிலங்களை வலியுறுத்தத் தொடங்கினார். 1992இல் அது 27ஆம் திருத்தமாக நிறைவேறிவிட்டது. நாட்டுக்கு அது நன்மையாக முடிந்திருக்கலாம். உங்கள் மன்றத்தின் பழைய மின்னஞ்சல்களில் கிடக்கும் வரைவுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டாம்.

கலைப்பு

மன்றத்தைக் கலைக்க எவ்வளவு ஆதரவு வேண்டும், எஞ்சும் பணமும் பொருளும் எங்கே போகும் என்ற இரண்டும் போதும். உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. வானியல் மன்றத்தின் தொலைநோக்கி, கடைசித் தலைவரின் வீட்டுக்குப் போகாமல் இயற்பியல் துறைக்கோ, ஒத்த நோக்கம் உடைய இன்னொரு மன்றத்துக்கோ போக வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஓராண்டு முழுவதும் ஒரு கூட்டமும் நடைபெறாவிட்டால் மன்றம் கலைந்ததாகக் கருதப்படும் என்ற வரியும் உதவும்.

வாக்கியங்களைச் சரிபார்த்தல்

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தேடுங்கள். 'ஆண்டறிக்கை சமர்ப்பிக்கப்படும்', 'உறுப்பினர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்படும்' என்று செயப்பாட்டு வினையில் முடியும் வாக்கியங்கள் கண்ணியமாகத் தோன்றும். ஆனால் செய்ய வேண்டியவர் அவற்றில் ஒளிந்துகொள்கிறார். 'செயலாளர் சமர்ப்பிக்க வேண்டும்' என்று மாற்றுங்கள். கட்டாயத்துக்கு 'வேண்டும்', விருப்பத்துக்கு 'லாம்', தடைக்கு 'கூடாது' என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். 'விரைவில்', 'தகுந்த', 'போதுமான', 'இயன்றவரை' ஆகிய சொற்கள் வரும் இடங்களில் ஓர் எண்ணையோ, முடிவு செய்பவரின் பெயரையோ வைக்க முடியுமா என்று பாருங்கள். நாள் கணக்கு விடுமுறையையும் சேர்த்தா, வகுப்பு நடக்கும் நாள்கள் மட்டுமா என்பதை ஒரே இடத்தில் வரையறுத்துவிட்டால் மற்ற இடங்களில் கவலையில்லை.

பிறகு வரைவை எழுதாத ஒருவரிடம், இயன்றால் முதலாண்டு மாணவர் ஒருவரிடம், அதைக் கொடுத்துச் சில நிகழ்வுகளைச் சொல்லுங்கள். தலைவரும் துணைத் தலைவரும் ஒரே நாளில் விலகுகிறார்கள். பொருளாளர் கணக்கைக் காட்ட மறுக்கிறார். தேர்தல் அலுவலர் தேர்தலுக்கு முதல் நாள் நோய்வாய்ப்படுகிறார். பொறுப்பாசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகிறார். ஒவ்வொன்றுக்கும் அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று அவர் பிரிவு எண்ணைச் சுட்டிச் சொல்ல வேண்டும். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தில் விதியில் ஓட்டை இருக்கிறது. அவருக்கு வாயால் விளக்கம் சொல்லாதீர்கள். சொல்ல வந்ததை வரைவில் எழுதுங்கள்.

ஏற்பு

முதல் பொதுக்கூட்டத்தில் பிரிவு பிரிவாகப் படித்து, திருத்தங்களை ஏற்று, கடைசியில் முழு ஆவணத்தையும் வாக்கெடுப்புக்கு விடுங்கள். இன்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு இல்லாத நிலையில் விதி கேட்கும் 30 நாள் உறுப்பினர் தகுதியையோ, 14 நாள் அறிவிப்பையோ முதல் தேர்தலில் யாராலும் நிறைவேற்ற முடியாது. அதற்காக ஓர் இடைக்கால விதி வேண்டும்: இந்த விதிகள் ஏற்கப்பட்ட கூட்டத்திலேயே வந்திருந்தவர்கள் முதல் செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள்; அதன் பதவிக்காலம் நடப்புக் கல்வியாண்டின் வழக்கமான தேர்தலோடு முடியும்; அதன்பின் இந்த இடைக்கால விதி தானாகவே நீங்கும்.

ஏற்பு நாளையும் பதிப்பு எண்ணையும் முதல் பக்கத்தில் இடுங்கள். பிற்காலத் திருத்தங்களின் நாள்களைக் கடைசிப் பக்கத்தில் அட்டவணையாகச் சேர்த்து வாருங்கள். கையொப்பமிட்ட நகல் ஒன்று பல்கலைக்கழக அலுவலகத்திலும், ஒன்று பொறுப்பாசிரியரிடமும், ஒன்று செயலாளரின் கோப்பிலும் இருக்க வேண்டும். மின்னணு நகலை ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் வைக்காமல் மன்றத்தின் பெயரில் உள்ள கணக்கில் வைத்து, அதன் கடவுச்சொல்லை ஒப்படைப்புப் பட்டியலின் முதல் வரியாகச் சேர்த்துவிடுங்கள்.